ஒன்றரை மணி நேரம்

ஙாப்பிச் சாடியில் சாய்த்தால்தான் போன் நிற்கும்.
ஊறுகாய் பாட்டில் வழுக்குகிறது, செம்பு ஆடுகிறது,
எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.
மோல்மேனில் இரவு ஏழு,
கிள்ளானில் எட்டரை.
வைரவன் சாப்பிட உட்காரும் நேரம் என்று
அவனே சொன்ன நேரம்.

முதலில் வி.பி.என்.
அம்மாவுக்கு அது சாவி.
"சாவி போட்டியா?" என்பாள், சோற்றைக் கிளறிக்கொண்டே.
சில நாள் உடனே திறக்கும்.
சில நாள் பருப்பு ஏடு கட்டும்வரை
வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.
அப்பா அதையே பார்த்தபடி
தட்டில் கை வைத்துக் காத்திருப்பார்,
பிசையாமல்.

பிறகு அவன் வருவான்.
குழாய் விளக்கு, சிமெண்டுப் படிக்கட்டு,
பின்னால் அடுக்கிய எண்ணெய் டின்கள்.
"என்னடா குழம்பு?"
"கோழிம்மா."
நேற்றும் கோழி. முந்தாநாளும் கோழி.
பேசும்போதே மெல்லுவான்,
நன்றாகத்தான் மெல்லுவான்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க
எங்கள் வார்டில் சீட்டுக் குலுக்கிய வாரம்
கிளம்பிப் போனவன்.
அதற்குப் பிறகு மீசை வைத்திருக்கிறான்.

அன்றைக்குப் படம் உறைந்துவிட்டது.
குரல் ஓடுகிறது, முகம் நிற்கிறது.
பல்லில் கடித்த கரண்டி, பாதி மூடிய கண்.
சிரித்துவிட்டேன்.
தட்டு எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.
வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு.
அதில் ஒரு பருக்கைகூட இல்லை.

குரல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது:
"இன்னிக்குக் காரம் கொஞ்சம் ஜாஸ்திம்மா."

அம்மா அதைக் கேட்கவில்லை.
மறுநாள், வெங்காய விலை விசாரிக்கிற மாதிரி,
"கடை எத்தனை மணிக்குடா மூடுவாங்க?"
"பதினொண்ணும்மா."
மூடின பிறகுதான் வேலைக்காரர்களுக்குச் சோறு
என்பதை அவன் சொல்லவுமில்லை,
அவள் கேட்கவுமில்லை.

அதிலிருந்து எங்கள் சாப்பாடு ஒன்பதரைக்கு.
அப்பாவுக்குச் சர்க்கரை. ஏழு மணிக்கு
இரண்டு பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு
உட்கார்ந்திருப்பார்.
எங்கள் தெருவில் கரண்ட் ஒன்பதோடு சரி.

அவன் தட்டில் சோறு இருந்தது.
ஆவி எழும்பி கேமராவில் பூத்தது.
"ஏன் இருட்டா இருக்கு? எங்க இருக்கீங்க?"
மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
"மூணு மஞ்சப் பொட்டுதான் தெரியுது."
போனில் டார்ச் இருக்கிறது. அதன் முதுகில்.
முதுகை எங்கள் பக்கம் திருப்பினால்
அவன் எங்களைப் பார்க்கலாம்;
எங்களுக்குக் கறுப்பு உறையும்
கண் கூசும் ஒரு புள்ளியும்தான்.
முகத்தைத் திருப்பினால் அவன் தெரிவான்,
நாங்கள் அவனுக்கு இல்லை.

"அவன் பாக்கட்டும், நமக்குக் குரல் போதும்" என்றார் அப்பா.
"எனக்குப் போதாது" என்றாள் அம்மா.

ஒரு வாய் அவன், ஒரு வாய் நாம் என்று முடிவானது.
திருப்புகிற வேலை என்னுடையது.
வலது கையில் சோறு, இடது கையில் தம்பி.
வெளிச்சம் விழும்போது அப்பா
முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்.
அம்மா முடியை இழுத்துக் காதை மூடுகிறாள்.
தோடு விற்றது அவனுக்குத் தெரியாது.

பத்தேகாலுக்கு டவர் பேட்டரி தீர்ந்துவிடும்.
நேற்று, என் கை அவன் பக்கம் வெளிச்சத்தைப் பிடித்திருந்தபோது
"அம்மா, தோ..." என்றான்.
அதோடு போய்விட்டது.

கை கழுவினோம். சாவியை அழித்தேன்,
காலையில் பாலத்துச் சோதனையில் போனைத் துழாவுவார்கள்.
இருட்டில் அப்பா கேட்டார்,
அவன் என்ன சொல்ல வந்தான் என்று.

தோசை என்கிறாள் அம்மா.
பிள்ளைக்குத் தோசை ஞாபகம் வந்திருக்கிறதாம்.
அரிசியை ஊறப்போட்டுவிட்டுத்தான்
படுக்கப் போனாள்.